இரண்டாவது டிஸ்க்குக்கு என்ன பெயர்?

கணினியில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை அதற்குப் பெயரே தேவையில்லை. "டிஸ்க்கில் எழுது" என்றால் போதும்; வேறு எதில் எழுதுவது? இரண்டாவது டிஸ்க் வந்து சேரும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

1999இல் வாங்கிய வீட்டுக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 98, பத்து ஜிபி டிஸ்க், ஒரு சிடி டிரைவ். எம்பி3 பாட்டுகளும் கேமராப் படங்களும் சேர்ந்து அந்தப் பத்து ஜிபியை அடைத்துவிட்டன. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் நாற்பது ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கி வருகிறீர்கள். எல்லோரும் சிபியு என்றே சொல்லிப் பழகிவிட்ட அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கிறீர்கள். இனி ஜம்பர் மாற்ற வேண்டும், கேபிள் செருக வேண்டும், கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸில் நுழைந்து பார்க்க வேண்டும், பிறகு டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க், பிறகு ஃபார்மேட். ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்கிற சடங்குகள் போலத்தான் இவை தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: கூப்பிடுவது தன்னைத்தான் என்று கூப்பிடப்பட்டவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் அந்த அகலமான ரிப்பன் கேபிள். ஒரு முனை மதர்போர்டில், மறுமுனை பழைய டிஸ்க்கில், நடுவில் ஒரு கனெக்டர் சும்மா தொங்குகிறது. புதிய டிஸ்க்கை அங்கேதான் மாட்டப்போகிறீர்கள். அதாவது இரண்டு டிஸ்க்குகளும் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளும். கணினி எதை அனுப்பினாலும் இரண்டின் காதிலும் விழும். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

1980களின் தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கு மூளை கிடையாது. சீகேட் 1980இல் கொண்டுவந்த எஸ்டி-506 என்ற 5 எம்பி டிஸ்க் தட்டைச் சுழற்றும், படித்தெழுதும் ஹெட்டை நகர்த்தும், காந்தத் துடிப்புகளை அப்படியே கம்பியில் அனுப்பும். அவ்வளவுதான். அந்தத் துடிப்புகளிலிருந்து பிட்டுகளைப் பிரித்தெடுப்பதும் எந்த செக்டார் (தட்டில் தகவல் எழுதும் சிறு துண்டு) எங்கே ஓடுகிறது என்று கணக்கு வைப்பதும் கணினிக்குள் செருகியிருந்த கன்ட்ரோலர் அட்டையின் வேலை. 1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பேக், கன்ட்ரோல் டேட்டா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அந்த மூளையை அட்டையிலிருந்து எடுத்து டிஸ்க்கின் அடிவயிற்றிலேயே ஒட்டின. அதுதான் ஐடிஇ. துடிப்புகள் நீளமான கேபிளில் பயணம் செய்து சிதையத் தேவையில்லாமல் போயிற்று. தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தம் டிஸ்க்குக்குப் பொருத்தமான மின்சுற்றைத் தாமே வைத்துக்கொள்ள முடிந்தது. கேபிளுக்கு மிஞ்சியது கணினியின் கட்டளைகளைச் சுமக்கும் வேலை மட்டும். ஆனால் முன்பு ஒரே அட்டை இரண்டு டிஸ்க்குகளை மேய்த்த இடத்தில் இப்போது இரண்டு மூளைகள், நடுவே ஒரே கம்பித்தொகுதி.

ஒரே வகுப்பில் இரண்டு செந்தில்கள் இருந்தால் வாத்தியார் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவார். ஜம்பர் என்பது டிஸ்க்குக்கு நீங்கள் வைக்கும் இனிஷியல். டிஸ்க்கின் பின்புறம், கேபிள் செருகும் இடத்துக்கும் மின் இணைப்புக்கும் நடுவே சில ஊசிகள் துருத்திக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டை இணைக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தொப்பியை எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து டிஸ்க் தன்னை மாஸ்டர் என்றோ ஸ்லேவ் என்றோ நினைத்துக்கொள்ளும். கட்டளை கொடுப்பதற்கு முன் கணினி ஒரு பிட்டை அனுப்புகிறது. அது 0 என்றால் மாஸ்டருக்கு, 1 என்றால் ஸ்லேவுக்கு. இரண்டு டிஸ்க்குகளும் அதைக் கேட்கின்றன, தம் ஜம்பரோடு ஒத்துப் பார்க்கின்றன. பொருந்தினால் பதில், பொருந்தாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டிலும் ஜம்பரை ஒரே இடத்தில் மாட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து பேசும்; திரையில் டிஸ்க்கின் பெயர் எழுத்துகள் குழம்பி வரும், அல்லது இரண்டுமே தென்படாது.

மாஸ்டர் டிஸ்க்தான் ஸ்லேவை ஆட்டிவைக்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி மூளை இருக்கும்போது ஒன்று மற்றதை ஆட்டிவைக்க என்ன இருக்கிறது? மாஸ்டருக்கு உள்ள ஒரே கூடுதல் பொறுப்பு கணினியைப் போட்டதும் வருகிறது. பக்கத்தில் ஸ்லேவ் இருக்கிறதா என்று ஒரு கம்பியைப் பார்க்கிறது. இருந்தால், அது தன்னைச் சோதித்துக்கொண்டு 'நான் தயார்' என்று சொல்லும்வரை காத்திருக்கிறது. கணினி தொடக்கத்திலேயே அரை நிமிடம் விறைத்து நின்றால், பதில் சொல்லாத ஒரு ஸ்லேவுக்காக மாஸ்டர் காத்துக்கொண்டிருக்கலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் இதனாலேயே மாஸ்டருக்கு இரண்டு நிலைகள் இருந்தன: தனியாக இருக்கும்போது ஒன்று, துணையோடு இருக்கும்போது இன்னொன்று. புதிய டிஸ்க்கைச் சரியாக ஸ்லேவ் ஆக்கிவிட்டு, இத்தனை நாள் ஒழுங்காக ஓடிய பழைய டிஸ்க்கின் ஜம்பரையும் மாற்ற வேண்டும் என்று தோன்றாமல் மாலை முழுவதும் மல்லுக்கட்டியவர்கள் ஏராளம்.

ஜம்பரே வேண்டாம், கேபிளில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுவே பெயராக இருக்கட்டும் என்ற ஏற்பாடும் உண்டு. கேபிள் செலக்ட் என்பார்கள். நாற்பது ஊசிகளில் 28ஆவது ஊசிக்கான இணைப்பு கேபிளின் நடுக் கனெக்டரில் இருக்காது, கடைசிக் கனெக்டரில் இருக்கும். அந்த ஊசியில் தரை இணைப்பு தெரிந்தால் தான் மாஸ்டர், தெரியாவிட்டால் ஸ்லேவ் என்று டிஸ்க் புரிந்துகொள்ளும். எண்பது கம்பிக் கேபிள்கள் பரவியபோதுதான் இது ஒழுங்காக வேலை செய்தது.

நாற்பது ஊசிக்கு எதற்கு எண்பது கம்பி? வேகம் கூடக் கூட, ஒரு கம்பியில் ஓடும் சைகையின் சாயல் பக்கத்துக் கம்பியிலும் எழுகிறது. நொடிக்கு 66 எம்பி என்ற வேகத்தை எட்டியபோது இந்தக் குறுக்குப் பேச்சு தாங்க முடியாததாகிவிட்டது. ஒவ்வொரு சைகைக் கம்பிக்கும் நடுவே, எதையும் சுமக்காத, தரையோடு இணைந்த ஒரு கம்பியை ஓடவிட்டார்கள். சுவர் எழுப்பியதுதான், வேறொன்றுமில்லை. கனெக்டர்களுக்கு நிறமும் வந்தது: நீலம் மதர்போர்டுக்கு, சாம்பல் நடுவில் ஸ்லேவுக்கு, கறுப்பு கடைசியில் மாஸ்டருக்கு. ஒரே ஒரு டிஸ்க் மட்டும் இருந்தால் அதைக் கறுப்பில்தான் மாட்ட வேண்டும். நடுவில் மாட்டிவிட்டு முனையைத் தொங்கவிட்டால், அந்த வெற்று முனை வரை போன சைகை முட்டித் திரும்பி வந்து, அடுத்து வரும் சைகையோடு கலக்கும். கேபிளின் நீளத்தை 18 அங்குலத்துக்குள் கட்டிவைத்ததும் இதே கவலையால்தான். கடையில் கிடைத்த ஒரு மீட்டர் கேபிளைப் போட்டு, பெட்டிக்குள் அழகாக மடித்து வைப்பது ஆபத்தான அழகு.

கேபிளின் ஒரு ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் ஊசியைக் காட்டும். அது டிஸ்க்கில் மின் இணைப்பின் பக்கம் வர வேண்டும். மின் இணைப்பில் மஞ்சள் 12 வோல்ட் மோட்டாரைச் சுழற்ற, சிவப்பு 5 வோல்ட் மின்சுற்றுக்கு, நடுவில் இரண்டு கறுப்பு. வேலையைத் தொடங்குமுன் பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். மற்றபடி நான்கு திருகுகள்.

ஆனால் எந்தக் கேபிளில் மாட்டுவது என்பதைச் சற்று யோசிக்க வேண்டும். மதர்போர்டில் இரண்டு ஐடிஇ தடங்கள் இருக்கும். வழக்கமாக ஒன்றில் டிஸ்க், மற்றதில் சிடி டிரைவ். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் நடக்கும். மாஸ்டர் தேடிக்கொண்டிருக்கையில் ஸ்லேவ் சும்மாதான் இருக்க வேண்டும். டிஸ்க்கின் கணக்கில் தேடல் சிறிய விஷயமல்ல. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிசெகண்ட் ஆகிறது. வேண்டிய செக்டார் ஹெட்டின் அடியில் வந்து சேர சராசரியாக அதில் பாதி. ஹெட்டைச் சுமக்கும் கை தட்டின் சரியான வட்டத்துக்கு நகரும் நேரம் அதற்கு மேல். இவற்றைக் கூட்டினால் வரும் நேரத்தில் அன்றைய புராசஸர் லட்சக்கணக்கான கணக்குகளை முடித்துவிடும். ஒரே டிஸ்க்கின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது அந்தக் கை இங்கும் அங்குமாக அலைகிறது. கரகரவென்று காதிலேயே விழும். இரண்டு டிஸ்க்குகள் என்றால் ஒவ்வொரு கையும் தன் இடத்திலேயே நிற்கலாம். அந்த ஆதாயம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் இரண்டும் இரண்டு தடங்களில் இருக்க வேண்டும். நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஸ்வாப் கோப்பை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றச் சொன்ன பழைய அறிவுரைக்கும் அடிப்படை இதுதான். வெறுமனே சேமித்து வைக்கத்தான் புதிய டிஸ்க் என்றால், பழையதன் பக்கத்திலேயே ஸ்லேவாக மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மாட்டியாயிற்று. இப்போது பயாஸ் திரை. இங்கே அடுத்த பெயர்ச் சிக்கல் வருகிறது. டிஸ்க்கைக் கூப்பிட்டாகிவிட்டது, டிஸ்க்குக்குள் இருக்கும் லட்சக்கணக்கான செக்டார்களில் ஒன்றை எப்படிக் கூப்பிடுவது? ஆதி முறை மூன்று எண்கள் கொண்ட முகவரி: எந்த சிலிண்டர் (தட்டில் எத்தனையாவது வட்டம்), எந்த ஹெட், எத்தனையாவது செக்டார். ஐபிஎம்மின் வீட்டுக் கணினி வம்சத்தில் ஹார்ட் டிஸ்க்கோடு வந்த முதல் மாதிரி 1983இன் பிசி எக்ஸ்டி. அதன் டிஸ்க் 10 எம்பி. அந்த உலகத்தில் உருவான பயாஸ் படிவத்தில் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டாருக்கு 6 பிட் ஒதுக்கினார்கள். அதாவது 1,024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டார். செக்டார் எண்ணிக்கை 1இலிருந்து தொடங்கும், அதனால் 64 அல்ல. செக்டாருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் சுமார் 8.4 ஜிபி. 10 எம்பிக்கு முன்னால் இது கஞ்சத்தனமான ஒதுக்கீடு இல்லை.

ஐடிஇயை வடிவமைத்தவர்கள் தங்களுக்கென்று வேறொரு படிவம் வைத்திருந்தார்கள். சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4, செக்டாருக்கு 8. அதன் எல்லை சுமார் 137 ஜிபி. இன்னும் தாராளம்.

இந்த இரண்டு தாராளங்களும் சந்தித்த இடத்தில்தான் வறுமை பிறந்தது. ஒரே முகவரி இரண்டு படிவங்களின் வழியாகவும் போக வேண்டும் என்றால், ஒவ்வொரு கட்டத்திலும் சிறிய ஒதுக்கீடுதான் செல்லும். சிலிண்டரில் பயாஸின் 10 பிட். ஹெட்டில் ஐடிஇயின் 4 பிட். செக்டாரில் மறுபடி பயாஸின் 6 பிட். 1,024ஐ 16ஆல், பிறகு 63ஆல், பிறகு 512ஆல் பெருக்கிப் பாருங்கள்: 52 கோடியே 84 லட்சம் பைட்டுகள் சொச்சம். 8.4 ஜிபியும் 137 ஜிபியும் கைகோத்து 528 எம்பியைப் பெற்றன! தனியாகப் பார்த்தால் இரு தரப்பிலும் குற்றமே இல்லை. யாரும் தப்பாக வடிவமைக்கவில்லை. இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 1994 வாக்கில் இதைவிடப் பெரிய டிஸ்க்குகள் வீடுகளுக்கு வரத் தொடங்கியபோது, காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கின் மிச்சப் பகுதி கணினியின் கண்ணுக்கே தெரியாமல் போனது.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த பொய்களில் ஒன்று. பயாஸ் நடுவில் நின்று எண்களை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தது. டிஸ்க் "எனக்கு 2,000 சிலிண்டர், 16 ஹெட்" என்றால், பயாஸ் விண்டோஸிடம் "1,000 சிலிண்டர், 32 ஹெட்" என்று சொல்லும். பெருக்குத்தொகை ஒன்றுதானே. பெரிய டிஸ்க்குகளுக்கு இந்தக் கற்பனை 255 ஹெட் வரை போயிற்று. விண்டோஸுக்கு அடியில் இருந்த டாஸுக்கு 256 என்றால் ஒத்துக்கொள்ளாது, அதனால் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். உங்கள் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓரிரு தட்டுகளும் சில ஹெட்டுகளும்தான் இருக்கும். இன்னும் வேடிக்கை, டிஸ்க் தரும் 16 ஹெட் கணக்கும் பொய்தான். சுற்றுக்கு 63 செக்டார் என்பதும் பொய். தட்டின் வெளிச் சுற்று நீளம், உள்சுற்று குட்டை. நவீன டிஸ்க்குகள் வெளியே அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் செக்டார்களை அடுக்குகின்றன. பயாஸ் திரையில் இவ்வளவு துல்லியமாக நிற்கும் அந்த மூன்று எண்களுக்கும் டிஸ்க்கின் உலோகத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பொய்யை விட்டுவிட்டு, செக்டார்களை 0, 1, 2 என்று வரிசையாக எண்ணிவிடுவதுதான் நேர்மையான வழி. எல்பிஏ என்ற அமைப்பு அதைத்தான் செய்கிறது. ஐடிஇயின் 28 பிட்டுகளையும் சேர்த்து ஒரே எண்ணாக வாசித்தால் 137 ஜிபி வரை போகலாம். ஆனாலும் நம் 1999 கணினியில் ஒரு கண்ணிவெடி மிச்சம் இருக்கிறது. 1999க்கு முன் வந்த அவார்ட் பயாஸ்கள் பலவற்றுக்கு 65,536 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற கணக்கைத் தாண்டத் தெரியாது. அது 33.8 ஜிபி. நாற்பது ஜிபி டிஸ்க்கைக் கண்டதும் அவை பிழை என்றுகூடச் சொல்லாமல் அப்படியே உறைந்துபோகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் லேபிளைப் பாருங்கள். கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பர் நிலை ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை மாட்டினால் டிஸ்க் தன்னை 32 ஜிபி என்று அடக்கமாக அறிமுகம் செய்துகொள்ளும். மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் கிடைத்தால் அதுவே மேல்.

137 ஜிபி எல்லை இன்னும் கொடுமையானது, ஏனென்றால் அது சத்தம் போடாது. 160 ஜிபி டிஸ்க்கை 28 பிட் மட்டுமே தெரிந்த விண்டோஸ் 98இல் மாட்டி, எப்படியோ முழுக் கொள்ளளவுக்கும் பார்ட்டிஷன் போட்டுவிட்டால், சில மாதங்கள் நன்றாகவே ஓடும். 137 ஜிபியைத் தாண்டி எழுத வேண்டிய நாள் வரும்போது முகவரியின் உயர்பிட்டுகள் உதிர்ந்துவிடும். எண் சுற்றிக்கொண்டு மறுபடி சுழியத்தில் வந்து நிற்கும். டிஸ்க்கின் தொடக்கத்தில்தான் பார்ட்டிஷன் அட்டவணையும் கோப்புகளின் அட்டவணையும் இருக்கின்றன. அதன் மேலேயே எழுதிவிடும். முகவரியை 48 பிட்டாக நீட்டிய பிறகே இது ஓய்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பி அதை 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில்தான் முறையாகக் கற்றுக்கொண்டது.

பயாஸ் புதிய டிஸ்க்கைக் கண்டுகொண்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது பெயர்ச் சிக்கல்தான் மனிதர்களை அழவைத்தது: டிரைவ் எழுத்துகள்.

பழைய டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு டிரைவ்கள். சியில் விண்டோஸ், டியில் குடும்பப் படங்கள். சிடி டிரைவ் இ. புதிய டிஸ்க் வந்தால் எஃப் ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைசியாக வந்தவருக்குக் கடைசி எழுத்து. டாஸும் அதன் வழிவந்த விண்டோஸ் 98உம் அப்படி எண்ணுவதில்லை. முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள பிரைமரி பார்ட்டிஷனுக்கு வரிசையாக எழுத்துக் கொடுக்கும். பிறகுதான் எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவ்களுக்கு. முதல் டிஸ்க்கின் சி பிரைமரி, டி லாஜிக்கல். புதிய டிஸ்க்கில் எஃப்டிஸ்க் கொண்டு ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால், புதிய டிஸ்க் டியாகிவிடும். குடும்பப் படங்கள் இருந்த டி, இயாகிவிடும். சிடி டிரைவ் எஃபுக்குத் தள்ளப்படும். டியில் நிறுவிய நிரல்களின் குறுக்குவழிகள் எல்லாம் அந்நியமான ஒரு டிஸ்க்கைப் போய்த் தட்டும்.

குறுக்குவழிகள் போனால் போகட்டும். புதியது தனக்கு முன்னால் வந்து உட்காரும் என்று தெரியாதவர், டி பழையது, ஆகவே இ என்பதுதான் புதியது என்று கணக்குப் போட்டு, இயை ஃபார்மேட் செய்யச் சொல்கிறார். எல்லாத் தகவலும் அழிந்துவிடும், சம்மதமா என்று கணினி எழுத்தைச் சொல்லிக் கேட்கிறது. புதிய டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது என்று ஒய் தட்டுகிறார். எஃப்டிஸ்க்கிலும் இதேபோல ஒரு குழி உண்டு. இரண்டு டிஸ்க்குகள் இருக்கும்போது மட்டும் மெனுவில் 5ஆவது வரி ஒன்று முளைக்கும், டிஸ்க்கை மாற்ற. அதை அழுத்த மறந்தால் நீங்கள் செய்வதெல்லாம் முதல் டிஸ்க்குக்குத்தான் நடக்கும். டிரைவ்களுக்கு முன்கூட்டியே லேபிள் பெயர் வைத்திருப்பவர்களும், கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்பவர்களும் தப்பித்தார்கள். நாற்பது என்று விற்ற டிஸ்க் திரையில் 37.2 என்றே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். விற்பவர் ஆயிரத்தில் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024இல் வகுக்கிறது.

புதிய டிஸ்க்கில் பிரைமரியே போடாமல் எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷன் மட்டும் போட்டு, அதற்குள் லாஜிக்கல் டிரைவ் உருவாக்கினால் அது வரிசையில் பழைய டிக்குப் பின்னால் வந்து ஒழுங்காக நிற்கும். ஹார்ட் டிஸ்க் எழுத்துகள் பிசகாது, சிடி டிரைவ் மட்டும் ஓர் எழுத்து நகரும். இதைத் தெரிந்துவைத்திருந்த மெக்கானிக்குக்கு அந்தக் காலத்தில் தெருவில் தனி மதிப்பு.

விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்தபோது அணுகுமுறை மாறியது. டிஸ்க்கின் முதல் செக்டாரில் நான்கு பைட் அடையாள எண் ஒன்றை எழுதிவைத்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டது. டிஸ்க்கை எந்தக் கேபிளுக்கு மாற்றினாலும் எழுத்து மாறாது. லினக்ஸ் வெகுகாலம் இடத்தை வைத்தே பெயர் சொன்னது: முதல் தடத்து மாஸ்டர் எச்டிஏ, ஸ்லேவ் எச்டிபி, இரண்டாம் தடத்தில் எச்டிசி, எச்டிடி. பின்னாளில் அதுவும் பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதிய நீண்ட அடையாள எண்ணுக்கு மாறியது. ஆனால் உள்ளே எழுதிய பெயருக்கும் ஒரு பலவீனம் உண்டு. பழைய டிஸ்க்கைப் புதிய டிஸ்க்கில் பைட்டுக்குப் பைட் நகலெடுத்தால் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகும். இரண்டையும் ஒரே கணினியில் மாட்டினால் இன்றைய விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவைத்துவிடும்.

2003இல் சாட்டா டிஸ்க்குகள் கடைக்கு வந்தன. ஒரு டிஸ்க்குக்கு ஒரு கேபிள், பகிர்வு கிடையாது, ஜம்பரால் பெயர் வைக்கும் வேலையும் கிடையாது. பழைய ஐடிஇ டிஸ்க் வைத்திருப்பவர்கள் இப்போது அதை யுஎஸ்பி அடாப்டர் வழியாக மடிக்கணினியில் மாட்டிப் படங்களை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அடாப்டர்கள் பெரும்பாலும் மாஸ்டரை மட்டுமே கூப்பிடும். இருபது வருஷம் முன்பு ஸ்லேவ் ஆக்கி வைத்த டிஸ்க், தட்டு நன்றாகச் சுழன்றும், பதில் சொல்லாது. டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் ஜம்பரைக் கழற்றி மாஸ்டர் நிலையில் மாட்டி, இன்னொரு முறை செருகிப் பாருங்கள்.